கொழும்பில் இராத்தங்க வேண்டி வந்தால்: பதுளைப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

ஹாலிஎல, பசறை, மடுல்சீமை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை, பூணாகலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தை எடுத்தாலும் கொழும்புக்குப் போகாத குடும்பம் அநேகமாக இருக்காது. பாஸ்போர்ட் எடுக்க, வெளிநாட்டு வேலைக்குப் பதிய, பெரியாஸ்பத்திரிக்கு, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு, கல்யாண நகை வாங்க, கடை வேலைக்குப் போன பிள்ளையைப் பார்க்க என்று ஏதாவது ஒரு காரியம் வந்துகொண்டே இருக்கும். ஒரே நாளில் முடிந்தால் புண்ணியம். முடியாமல் போனால் இரவு எங்கே படுப்பது என்பதுதான் பெரிய கவலை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. பெட்டாவில் ஒரு சாதாரண ரூமில் ஒரு ராத்திரி தங்கினாலே இரண்டு மூன்று நாள் பேர் கரைந்துவிடும். அவ்வளவையும் கொடுத்துவிட்டு, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பது அநியாயம். ஏசியோ டிவியோ நமக்குத் தேவையில்லை. உள்ளிருந்து ஒழுங்காகப் பூட்டும் கதவும், வருகிறவர் பெயரை ஒழுங்காக எழுதும் லொட்ஜும் கிடைத்தால் மலிவான ரூமிலும் நிம்மதியாகத் தூங்கலாம். அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கத்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதலில், கொழும்புக்குத்தான் போக வேண்டுமா என்று விசாரியுங்கள். பாஸ்போர்ட்டுக்குப் பத்தரமுல்லை ஒன்றே வழி என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கண்டியிலும் மாத்தறையிலும் கிளை அலுவலகங்கள் இருக்கின்றன. 2023 ஜூனிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்து, தெரிவு செய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை வைக்கவும் வழி வந்திருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் எந்தப் பிரதேச செயலகத்தில் அந்த வசதி உண்டு என்பதை அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்குத் தமிழிலேயே பேசிக் கேட்கலாம். வருத்தக்காரருக்கும் இப்படித்தான். பதுளை பெரியாஸ்பத்திரியிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மகரகமைக்கு எழுதித் தந்தாலும், பிறகு வரும் கிளினிக்குகளைப் பதுளையில் செய்துகொள்ள முடியுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே மாதாமாதம் கொழும்புக்கு அலைகிற குடும்பங்கள் இருக்கின்றன.

2. இரவு ரயிலில் போனால் ஒரு ராத்திரி லொட்ஜ் காசு மிச்சம். பதுளையில் மாலையில் புறப்படும் தபால் ரயில் ஓடுகிற நாட்களில் விடிவதற்கு முன் கோட்டையில் சேர்க்கும். பகலில் காரியத்தை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பும் ரயிலைப் பிடித்தால் எங்கும் தங்க வேண்டியதில்லை. உடம்பு தாங்குகிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி. கைக்குழந்தையோடோ வருத்தக்காரரோடோ போகிறவர்கள் இதைச் செய்யாதீர்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மலைநாட்டுப் பாதையை எப்படிச் சிதைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் ஒரு மண்மேடு சரிந்தாலே ரயில் நிற்கும். அதனால் புறப்படும் அன்று காலையில் ஸ்டேசனில் கேட்டுவிட்டே பையைக் கட்டுங்கள்.

3. விடியுமுன் கோட்டையில் இறங்கினால் வெளிச்சம் வரும்வரை ஸ்டேசனுக்குள்ளேயே இருங்கள். பெண்கள் இருக்கும் பக்கமாக, விளக்கு எரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். பாரமான பையைச் சுமந்து அலைய வேண்டாம். ஸ்டேசனிலேயே காசு கொடுத்துப் பொதி வைக்கும் இடம் இருக்கிறது. துண்டை வாங்கி அடையாள அட்டையோடு வையுங்கள், அது எத்தனை மணிக்கு மூடும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ஸ்டேசனுக்குப் பக்கத்து லொட்ஜைவிட, காரியம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்து லொட்ஜே நல்லது. நம்மவர்கள் பழக்கத்தில் நேரே பெட்டாவில் ரூம் போட்டுவிட்டு, விடிகாலையில் அங்கிருந்து பத்தரமுல்லைக்கு த்ரீவீலில் ஓடுகிறார்கள். லொட்ஜில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடுகிறது. பாஸ்போர்ட், ஒருநாள் சேவையில் அடையாள அட்டை, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் சான்றிதழ்களுக்குக் கொன்சியூலர் முத்திரை எல்லாமே பத்தரமுல்லை சுஹுறுபாய கட்டடத்தில்தான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தலைமையகமும் பத்தரமுல்லையிலேயே இருக்கிறது. அந்தக் காரியங்களுக்குப் போகிறவர்கள் பத்தரமுல்லை, ராஜகிரிய பக்கம் ரூம் விசாரிக்கலாம். பெட்டாவிலேயே தங்க நேர்ந்தால் 170, 190 இலக்க பஸ்கள் பத்தரமுல்லை வழியாகப் போகின்றன.

மகரகமைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பதுளையிலிருந்து அப்புத்தளை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக வரும் 99ஆம் இலக்க பஸ், ஹைலெவல் வீதியால் வந்தால் மகரகமை டவுனைக் கடந்துதான் கொழும்புக்குள் போகும். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு அங்கேயே இறங்கிவிடுங்கள். பெட்டா வரை போய், மறுபடி 138இல் ஏறி வந்த வழியே திரும்பி வரும் வேதனையை ஏன் ஒரு நோயாளிக்குக் கொடுக்க வேண்டும்?

5. தமிழ் பேசுகிற இடமாக வேண்டும் என்றால் செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை. பெட்டாவும் செட்டியார் தெருப் பக்கமும் மலிவு. ஆனால் சில சந்துகள் கடை மூடியதும் வெறிச்சோடிவிடும். பெண்கள் தனியாகவோ பிள்ளைகளோடோ போனால் என் சிபாரிசு வெள்ளவத்தைதான். வாடகை கொஞ்சம் கூட. ஆனால் காலி வீதியில் இரவு வெகுநேரம் வரை ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கும், பஸ்ஸும் சாப்பாட்டுக் கடையும் பக்கத்திலேயே. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனுக்கும் விருந்தினர் விடுதி உண்டு. அங்கெல்லாம் திடீரென்று போய் நின்றால் இடம் கிடைக்காது. முன்கூட்டியே போன் பண்ணி, நாளையும் பேரையும் சொல்லி வையுங்கள்.

6. ஸ்டேசன் வாசலிலும் பஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்திலும் "ரூம் வேணுமா அண்ணே, ரூம் வேணுமாக்கா" என்று கூடவே நடந்து வருகிறவர்களோடு போகாதீர்கள். அவர்களுக்கு லொட்ஜ்காரர் தரும் கொமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். அதைவிட மோசம், நீங்கள் ஊருக்குப் புதிது, பையில் காசோடு வந்திருக்கிறீர்கள் என்பதை அந்த ஆள் தெரிந்துகொள்கிறார். "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள்.

7. காசு கொடுப்பதற்கு முன் ரூமைப் பாருங்கள். பார்ப்பது என்றால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதல்ல. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, வெளியே நிற்கும் உங்கள் ஆளை ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்கள். தாழ்ப்பாளின் ஸ்க்ரூ ஆடினால் அந்த ரூம் வேண்டாம். நிலைப்பலகையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பூட்டு இருக்கும் இடத்தில் மரம் பிளந்து, அதன்மேல் புதுப் பலகைத் துண்டோ தகரப் பட்டியோ அடித்திருந்தால், அந்தக் கதவை யாரோ ஒரு தடவை உடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவுக்கு மேலே கண்ணாடிச் சட்டம் இருந்தால், அதைத் திறந்து கைவிட்டால் தாழ்ப்பாள் எட்டுமா என்று பாருங்கள். சில மலிவு லொட்ஜுகளில் ஒரு பெரிய அறையைப் பலகையால் மறைத்து நாலு ரூமாக்கியிருப்பார்கள். மறைப்பு கூரை வரை போகாமல் பாதியில் நிற்கும். பக்கத்து ரூம்காரர் நாற்காலி மேல் ஏறினால் உங்கள் பை தெரியும். குடும்பத்தோடு அதில் தங்க வேண்டாம்.

8. இரண்டு பொருள்களை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒன்று, நல்ல சின்னப் பித்தளைப் பூட்டு. கொண்டியும் பூட்டுமாக இருக்கிற கதவுக்கு உங்கள் பூட்டையே போடலாம். லொட்ஜ் பூட்டுக்கு எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மற்றது, மர ஆப்பு. ஒரு சாண் நீளத்தில், ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வருகிற மாதிரித் தோட்டத்துத் தச்சரிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் செதுக்கித் தருவார். இரவில் படுக்குமுன் கதவின் அடியில், உட்பக்கமாக, அதை இறுக்கித் தட்டி வையுங்கள். தரை டைல் என்றால் ஆப்பு வழுக்கும். பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி ஆப்பின் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குத்தான் இது பயன்படும். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவென்றால் கைப்பிடியில் கயிறு கட்டி கட்டில் காலோடு சேர்த்துக் கட்டலாம், சட்டென்று அவிழ்க்கக்கூடிய முடிச்சாக.

9. கீழ்மாடி ரூமையும் உச்சி மாடி ரூமையும் தவிர்த்து, நடு மாடியில் கேளுங்கள். கீழே என்றால் தெருவில் போகிறவர் ஜன்னலுக்குள் கம்பை விட்டுப் பையை இழுக்கலாம். உச்சியில் வெயில் சூடு இரவெல்லாம் இறங்காது, நெருப்பு என்றால் இறங்கி ஓடவும் நேரமாகும். எந்த மாடியானாலும் பையையும் போனையும் ஜன்னலிலிருந்து தள்ளியே வையுங்கள்.

10. லொட்ஜ் புத்தகத்தில் பெயர் எழுதக் கேட்டால் தயங்காதீர்கள். எழுதாமலே சாவியைத் தருகிற இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். நம் பெரியவர்களுக்கு இந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஒரு பயம். அதற்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் பெட்டா, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கிய தமிழர்களைப் பொலிஸ் எந்த நேரமும் வந்து தட்டி எழுப்பும். 2007 ஜூன் 7 அதிகாலையில் லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரை, பொருள்களைச் சரியாக எடுக்கக்கூட நேரம் கொடுக்காமல், பஸ்களில் ஏற்றி வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை என்று அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. "கொழும்பில் உனக்கு என்ன வேலை" என்ற கேள்விக்கு மலைநாட்டுப் பிள்ளைகளும் எத்தனையோ இரவுகளில் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். காரியத்துக்காக வந்தவர் இந்த நாட்டில் எந்த ஊரிலும் தங்கலாம்.

இன்று அதே புத்தகம் நமக்குக் காவல். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று பெரிய ஹோட்டல்களில் மட்டும் குண்டு வெடிக்கவில்லை. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியிலும் வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். யார் வந்தார், எப்போது போனார் என்று எழுதி வைக்கும் லொட்ஜில் கெட்ட நோக்கத்தோடு வருகிறவன் தங்கத் தயங்குவான்.

11. அடையாள அட்டையைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோகொப்பி வேண்டுமென்றால் கொடுக்கலாம். கொப்பியின் மேல் குறுக்கே "லொட்ஜில் தங்குவதற்கு மட்டும்" என்றும் திகதியையும் பேனையால் எழுதிக் கொடுங்கள். வேறொரு காரியத்துக்கு அதை யாரும் லேசில் எடுத்து ஓட்ட முடியாது. ஊரிலிருந்தே இரண்டு மூன்று கொப்பி எடுத்துக்கொண்டு போவது நல்லது. முகவரி எழுதும்போது தோட்டத்தின் பெயரோடு நிற்காமல் டிவிசன், தபாலகம், மாவட்டம் எல்லாம் எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு மாவட்டத்தில் தோட்டம் இருக்கிறது. கொழும்பில் இருக்கிறவருக்கு நம் ஊர் தெரியாது, ஒரு அவசரம் என்றால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் வீட்டைத் தேடுவார்கள்.

12. வாடகையைப் பேசும்போது நாலு விஷயத்தை ஒன்றாகக் கேட்டுவிடுங்கள்: ஆளுக்கா ரூமுக்கா, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், முற்பணம் எவ்வளவு, பில் தருவார்களா. மத்தியானம் 12 மணியைத் தாண்டினால் இன்னொரு நாள் காசு கேட்கும் இடங்கள் இருக்கின்றன. பத்தரமுல்லையில் வரிசையில் நிற்கும்போது அது ஞாபகம் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. விடிகாலையில் காரியத்துக்குப் போகும்போதே ரூமைக் காலி செய்து, பையைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டுப் போனால் வில்லங்கம் இல்லை. பணம், பத்திரம், அடையாள அட்டை மட்டும் உங்களோடு.

13. "எத்தனை மணித்தியாலம்?" என்று கவுண்டரில் கேட்டால் அது குடும்பம் தங்குகிற இடமில்லை. பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். பகலிலும் ஜன்னலெல்லாம் மூடி, படிக்கட்டில் ஆள்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்குகிற இடமும் அப்படித்தான். நல்ல லொட்ஜில் பெரும்பாலும் பிள்ளை குட்டிகளின் சத்தம் கேட்கும், வெளிநாடு போகிறவரை வழியனுப்ப வந்த கூட்டம் இருக்கும், கைபிடிச் சுவரில் துவாய் காயும்.

14. வெளிநாட்டு வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு இந்தக் குறிப்பு. இதை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். தோட்டத்துக்குள் வந்து ஆள் பிடிக்கிற சப் ஏஜென்ட், "கொழும்பில் தங்க எல்லாம் ஒழுங்கு பண்ணியிருக்கேன், நீ வந்தா மட்டும் போதும்" என்பார். அந்த ஒழுங்கு எப்படிப்பட்டது என்று போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். இடத்தின் பெயர் என்ன, எந்த வீதி, போன் நம்பர் என்ன, எத்தனை பேர் ஒரு ரூமில், வாசல் சாவி யாரிடம்? இதற்குப் பதில் சொல்லாத ஏஜென்ட்டோடு பஸ் ஏறாதீர்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏஜென்சியின் பெயரைச் சொல்லி, அனுமதி இருக்கிறதா என்று வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். அனுமதி இருக்கும் ஏஜென்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அதோடு சம்பந்தமே இல்லாத ஆளும் வருவார். ஆகவே ஏஜென்சி ஆபிசுக்கும் போன் பண்ணி, இன்னார் உங்கள் ஆள்தானா என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்றால் உடனே விலகிக்கொள்ளுங்கள். 2022இல் அப்படி ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்கள் பட்ட பாடு நாடெங்கும் செய்தியானது.

பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். விசா வேலைக்கென்று கொடுக்க நேர்ந்தால் யாரிடம், என்றைக்குக் கொடுத்தீர்கள் என்று கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். தங்கும் இடத்தில் வெளியே போக விடாமல் வாசலைப் பூட்டினால், போனை வாங்கி வைத்தால், அது தங்கும் இடமல்ல, சிறை. பொலிஸ் 119க்கோ பெண்களுக்கான 1938க்கோ அழையுங்கள். "வந்த செலவைக் கட்டிவிட்டுப் போ" என்று பயமுறுத்துவார்கள். கடன் இருந்தாலும் ஆளைப் பூட்டி வைக்க எவருக்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

15. இரவில் கதவைத் தட்டினால் உடனே திறக்காதீர்கள். யாரென்று உள்ளிருந்தே கேளுங்கள். ரூம் பையன் என்றால் "காலையில் வாங்க" என்று சொல்லலாம். பொலிஸ் என்றால் கவுண்டர் ஆளையும் கூட்டி வரச் சொல்லிவிட்டு, கவுண்டருக்குப் போன் போட்டு உறுதிப்படுத்திய பிறகு திறங்கள். இதற்காகவே லொட்ஜுக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலையாகக் கவுண்டர் நம்பரைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் ரூம் என்றால் பெண் பொலிஸ் வர வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

16. வாசல் கேற்றை இரவில் யார் பூட்டுகிறார், அந்த ஆள் எங்கே படுக்கிறார் என்று கேட்டு வையுங்கள். பாஸ்போர்ட் வரிசைக்கு விடிகாலை நாலு மணிக்குப் புறப்படுகிறவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நெருப்புப் பிடித்தால் ஓட எத்தனை வாசல் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஒரே படிக்கட்டு, அதன் அடியில் சமையல் காஸ், மேலே கேற்றுக்குப் பூட்டு என்றால் எவ்வளவு மலிவானாலும் அந்த லொட்ஜை விட்டுவிடுங்கள்.

17. மூட்டைப்பூச்சியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். மெத்தையின் மூலையைத் தூக்கி, தையலோரம் மிளகுத் தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் ரூமை மாற்றச் சொல்லுங்கள். பையைக் கட்டிலிலோ தரையிலோ வைக்காமல் நாற்காலியில் வையுங்கள், ஆணியில் மாட்டினால் இன்னும் நல்லது. சந்தேகம் இருந்தால், வீட்டுக்கு வந்ததும் பையை இஸ்தோப்பிலேயே வைத்து, துணிகளைக் கொதிநீரில் ஊற வைத்த பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும். லயத்தில் சுவர் ஒன்று, கூரை ஒன்று. ஒரு காம்பராவுக்குள் வந்த மூட்டைப்பூச்சி கொஞ்ச நாளில் லயம் முழுக்கப் போய்விடலாம்.

18. நம் குளிருக்குப் பழகிய உடம்புக்குக் கொழும்புப் புழுக்கம் ஒத்துவராது. கம்பளி வேண்டாம், மெல்லிய பருத்திச் சேலையோ சாரமோ போர்த்திக்கொள்ளப் போதும். காற்றாடி சுற்றுகிறதா என்று காசு கொடுக்குமுன் போட்டுப் பாருங்கள். மேல் மாகாணத்தில் டெங்கு எப்போதும் அதிகம், ஜன்னலில் வலை இல்லாவிட்டால் கொசுவர்த்தி வேண்டும். அதை ஒரு தகர மூடிமேல் வைத்து, துணியும் மெத்தையும் படாத தூரத்தில் கொளுத்துங்கள். பிள்ளை இருந்தால் வலையே நல்லது. நம் பீலித் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொண்டு லொட்ஜ் பைப்பில் குடிக்காதீர்கள். மாடியில் இருக்கும் டாங்கியை எப்போது கழுவினார்களோ தெரியாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊரிலிருந்தே போத்தலில் கொண்டுபோகலாம். முதல் நாளைக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டால் ஒரு வேளைச் செலவு மிச்சம். தேங்காய்ச் சம்பல் வேண்டாம், கொழும்புச் சூட்டில் புளித்துவிடும்.

19. காசை ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிப் பிரிப்பது என்பதுதான் முக்கியம். அன்றைய பஸ், சாப்பாட்டுக் காசு மட்டும் பர்சில். வாடகைக் காசு தனியாக மடித்து இன்னொரு பையில், கவுண்டரில் பெரிய கட்டை வெளியே எடுக்காமல் கொடுப்பதற்கு. மிச்சம் உள்பாவாடையிலோ உள்சட்டையிலோ தைத்த பையில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, வியர்வையில் நனையாமல். செட்டியார் தெருவில் நகை வாங்கப் போகிறவர்கள் நகையோடு லொட்ஜில் தங்கவே கூடாது. ஓர் இரவு தங்கத்தான் வேண்டும் என்றால் முதல் நாள் கடை கடையாக விலை கேளுங்கள். மறுநாள் காலையில் ரூமைக் காலி செய்துவிட்டு, நகையையும் பில்லையும் வாங்கிக்கொண்டு நேரே பஸ்ஸுக்குப் போங்கள்.

20. மகரகமையில் பல நாள் சிகிச்சைக்குப் போகிறவர்கள் லொட்ஜில் காசைக் கரைக்காதீர்கள். வெளியூர் நோயாளரும் துணைக்கு வருகிறவரும் தங்கவென்றே அங்கே சி.சி.சி. ஹவுஸ் மாதிரி இலவச இல்லங்கள் நடக்கின்றன. இடம் இருக்கிறதா, யாரிடம் கடிதம் வாங்க வேண்டும் என்று வார்டில் உள்ள தாதியிடமோ ஆஸ்பத்திரிச் சமூகசேவை உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி வீடுகளில் வாடகைக்கு அறை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் தங்க வேண்டியவர்களுக்கு, இரண்டு குடும்பம் சேர்ந்து அப்படி ஓர் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். தெரபி எடுத்தவருக்குத் தனிக் கட்டிலும் பக்கத்திலேயே கழிவறையும் வேண்டும். படி ஏற வேண்டிய ரூமை எடுக்காதீர்கள்.

21. போன் நம்பர்களைப் போனில் மட்டும் வைத்திருந்து பயனில்லை. போனும் போய்விட்டால்? ஒரு துண்டுத் தாளில் வீட்டு நம்பர், தோட்டத்தில் இன்னொருவர் நம்பர், லொட்ஜின் பெயர், வீதி, அதோடு 119, அம்புலன்ஸ் 1990, பிள்ளைகளுக்கு 1929 எல்லாம் எழுதி, கூட வரும் ஒவ்வொருவர் பையிலும் போடுங்கள். சிங்களம் தெரியாதவர்களுக்கு லொட்ஜ் முகவரியைச் சிங்களத்திலும் எழுதித் தரும்படி கவுண்டரில் கேளுங்கள். த்ரீவீல்காரரிடம் அதை நீட்டினால் போதும். பொலிசில் முறைப்பாடு செய்ய நேர்ந்தால் தமிழில் சொல்லலாம், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துத் தமிழில் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள்.

22. ரூமை விட்டுப் புறப்படும்போது ஒருவர் வாசலில் பைகளோடு நிற்கட்டும், இன்னொருவர் மட்டும் உள்ளே போய்த் தலையணைக்குக் கீழும் சுவர் பிளக்கிலும் பாத்ரூம் ஆணியிலும் பார்க்கட்டும். மறந்துபோகிறது பெரும்பாலும் சார்ஜரும் மருந்துப் பையும்தான். முற்பணத்தை எண்ணி வாங்குங்கள். புத்தகத்தில் நீங்கள் போன நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த ரூமில் என்ன நடந்தாலும் உங்கள் தலையில் விழாது.

23. நல்ல இடம் கிடைத்தால் அதன் பெயர், வீதி, நம்பர், வாடகை, எந்த மாதம் தங்கினீர்கள் என்பதைக் கோயில் கமிட்டியிலோ வாசிகசாலையிலோ ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஏமாற்றிய இடத்தையும் எழுதுங்கள். தோட்டத்தில் அடுத்து யாருக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தாலும், பிரட்டுக்களத்தில் நின்று நாலு பேரிடம் கேட்டு அலையாமல் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துப் போன் பண்ணலாம். வாடகை ஏறிக்கொண்டே போகும், நல்ல முதலாளி லொட்ஜை விற்றுவிட்டுப் போயிருப்பார். அதனால் ஒரு வருஷத்துக்கு முந்திய பதிவென்றால் திரும்ப விசாரித்த பிறகே நம்புங்கள்.